எந்த ஒன்றியம்?

மலையம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் அவளை வார்டு மெம்பர் ஆக்கியது, அதே வாய்தான் வம்பிலும் மாட்டிவிட்டது. பரவைக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்தைத் தாண்டி இருக்கிறது ஊர். ரயில்வே கேட் மூடினால் மூடினதுதான். ஊர்க் கத்தரிக்காய் பரவை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிடும். மேம்பாலம் இரண்டு பக்கமும் ஏறி வந்து அப்படியே நின்றுபோய், தண்டவாளத்துக்கு மேலே மட்டும் ஆகாயம் தெரிந்தது. "தீபாவளிக்குள்ள நடுப்பாலம் வரலைன்னா பதவியத் தூக்கிப் போட்டுட்டுப் போறேன்" என்று டீக்கடை முன்னால் சொல்லிவிட்டாள். தேர்தலில் அவளிடம் தோற்ற காளை அன்றிலிருந்து, "மெம்பரே, தீபாவளி எப்ப?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தான்.

நெடுஞ்சாலை இன்ஜினியருக்குப் போன் போட்டாள். "எங்க வேலை முடிஞ்சதும்மா. நடுவுல உள்ளது ஒன்றியம் கையில" என்றார்.

மலையம்மாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒன்றியம்தானே, குழாய்க்கும் தெருவிளக்குக்கும் போகிற ஆபீஸ். ஒரு வேன் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஊராட்சி ஒன்றிய அலுவலக வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பி.டி.ஓ.வுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மெம்பரம்மா, அவர் சொன்னது ஒன்றிய அரசு, டெல்லி. தண்டவாளம் அவங்களது, ரோடு மாநிலத்தோடது. நான் வெறும் ஊராட்சி ஒன்றியம்."

காளை காதுக்குப் போனால் மானம் கப்பலேறிவிடும். வெட்கம் கோபமாகத் திரும்பியது. "எந்த ஒன்றியமா இருந்தா என்ன சார்? அந்தப் பேரை வச்சிருக்கீகள்ல. ரெண்டு பக்கத்து ஆளையும் வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டோம்."

அவர் போன் போட்டார். மறுநாள் காலையில் ஊர்ப்பக்கத்துப் பாலத்தடிக்கு இரண்டு ஜீப் வந்தன. தங்கள் தப்பில்லை என்று சொல்லத்தான் இரண்டு பக்கத்து இன்ஜினியர்களும் வந்திருந்தார்கள். "கூட்டா வந்து அளந்தாத்தான் நடுப்பாலத்தைத் தூக்கி வைக்க முடியும். அவங்க தேதி கொடுக்கல" என்றார் ரயில்வே இன்ஜினியர். "கொடுக்காதது அவங்க" என்றார் நெடுஞ்சாலைக்காரர். இருவரும் ஜீப்பில் ஏறவும் கேட் இறங்கவும் சரியாக இருந்தது. சரக்கு ரயில் ஒன்று வந்து அங்கேயே நின்றும் விட்டது.

சாமியே வந்து கேட்டை மூடியதாகத்தான் மலையம்மாளுக்குப் பட்டது. ஓடிப்போய் இரண்டு ஜீப்புக்கும் நடுவில் நின்றாள்.

"சார், இப்பக் கூட்டாத்தானே நிக்கிறீக. அளந்துருங்க."

இருவரில் யார் முதலில் சிரித்தார் என்பதில் ஊருக்குள் இன்றைக்கும் சண்டை உண்டு. டேப் வந்தது, ஒரு முனையை வேனில் வந்த பெண்களில் ஒருத்தியான ஒச்சம்மாள் பிடித்தாள். இந்தப் பக்கத்துத் தூணை அளந்தார்கள். ரயில் போனதும் அந்தப் பக்கம் போய் அதையும் அளந்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு கிரேன்கள் நடுப்பாலத்தைத் தூக்கி வைத்தபோது ஊரே திரண்டு விசிலடித்தது. மலையம்மாள் அழுதுகொண்டே கை தட்டினாள். பாலத்தின் இரண்டு முனையிலும் இரண்டு அரசும் ஆளுக்கொரு கல்வெட்டு வைத்திருக்கின்றன. ஊரார் சொல்வதென்னவோ ஒன்றியப் பாலம் என்றுதான். எந்த ஒன்றியம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் காளைதான் முந்திக்கொள்கிறான்.

"எங்க மெம்பர் போய் உக்காந்தாகள்ல, அந்த ஒன்றியம்ணே."