ஒரு பல் முந்திய வண்டி

ஆயுத பூஜை கழிந்த வாரத்திலிருந்து வலங்கைமான் வைரக்கண்ணுவின் கார், கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ரொம்ப முன்னால் என்று சொல்லிவிட முடியாது, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான். திருச்சி விமான நிலையத்தில் சவாரிக்காரர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது, அதே ஆள் இங்கே தன் வீட்டு வாசலில் நின்று பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருப்பார். முதலில் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அப்புறம் சம்பா நடவு வந்துவிட்டது, யாருக்கு நேரம்? துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் மட்டும் வேறு வண்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வாடகை பழைய வாடகைதான்.

வைரக்கண்ணுவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, நிம்மதிதான். எல்லாவற்றுக்கும் பிந்தியே வந்து பழகிய மனுஷன் அவர். நெஞ்சுவலி கண்ட அம்மாவை வாடகைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடியபோது வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கேட் திறந்தது, அம்மா கண் திறக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பரபரப்பு, சொந்தக் கார் வாங்கியும் அடங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார், படுத்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பூஜைக்கு முந்தின நாள் அந்த வண்டி டைமிங் பெல்ட் மாற்றுவதற்காக மீரா உசேன் பாயின் பட்டறையில் கழற்றிக் கிடந்தது. பூஜையன்று ஸ்பேனரை யாரும் தொட மாட்டார்கள், பட்டறைக்கே லீவு. வைரக்கண்ணுவால் சும்மா இருக்க முடியுமா? ஊர் வண்டியெல்லாம் பொட்டும் பூவுமாக நிற்கத் தன் வண்டி மட்டும் மூளியாகக் கிடப்பதா என்று, போய்த் திறந்து கிடந்த எஞ்சினின் பல்சக்கரங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு வந்தார்.

பெல்ட் மாட்டும்போது மேலே கேம்ஷாஃப்ட் சக்கரத்தின் கோடும் கீழே கிராங்க் சக்கரத்தின் கோடும் எஞ்சினில் இருக்கும் குறிகளுக்கு நேரே நிற்க வேண்டும். வால்வு திறப்பதும் பிஸ்டன் ஏறுவதும் அப்போதுதான் ஒத்துப்போகும். கழற்றுமுன் அந்தக் கோடுகளின் மேல் மஞ்சள் பெயிண்டால் புள்ளி வைப்பது பாயின் பழக்கம். ஆயில் துடைத்ததில் பெயிண்ட் போயிருந்தது, சந்தனம் காய்ந்து மஞ்சளாக நின்றது. பக்கத்திலேயே நின்று, "ஆச்சா பாய்? ஆச்சா பாய்?" என்று ஒருத்தர் உயிரை வாங்கினால் பாய் எதைத்தான் உற்றுப் பார்ப்பார்! பொட்டைக் குறியென்று நினைத்து மாட்டிவிட்டார். ஒரு பல் முந்திவிட்டது, வண்டி என்னவோ பழுதில்லாமல் ஓடியது.

மார்கழியில், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சுடர்விழிக்கு வலி கண்டது. அவளையும் மனைவி அம்சத்தையும் ஏற்றிக்கொண்டு வைரக்கண்ணு தஞ்சாவூருக்குப் பறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் சுடர்விழி ஒன்றுமே நடக்காதவள் மாதிரி இறங்கி நின்றாள். வலி கிளம்புவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்களே! "வலியே இல்லையே, எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் நர்ஸ். காத்திருந்து பார்த்தார்கள், வரவில்லை. வலி வலங்கைமானிலேயே அவளுக்காகக் காத்திருந்தது. திரும்பிப் போய்ப் படியில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டது. மறுபடி ஓட்டினார், மறுபடி அதே கதை. மூன்றாவது தடவை டாக்டரே வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தையின் அசைவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, வலியில்லாமல் சேர்த்துக்கொள்ளப் படுக்கை இல்லை, இனி வலி வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது என்று சொன்னார். அன்று வீடு திரும்பியபோது வலி வாசலில் இல்லை. அலைக்கழித்ததில் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

"புள்ள உசுரோட விளையாடுறீங்களா?" என்று அம்சம் வெடித்துவிட்டாள். "ஒண்ணு, இந்த வண்டியச் சரி பண்ணுங்க. இல்ல, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுறேன். நீங்க பின்னாடி வந்து சேருங்க."

பின்னாடி என்ற அந்த வார்த்தை வைரக்கண்ணுவைச் சுட்டது. வண்டியைச் சரி செய்தால் அம்மாவை மறித்த அந்த ரயில்வே கேட்டில் நிற்க வேண்டும். செய்யாவிட்டால் வலியில்லாத மகளோடு காலமெல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பயந்துகொண்டேதான் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போனார். பாய் கவரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, நகத்தால் பொட்டைச் சுரண்டினார். கோடு அடுத்த பல்லில் இருந்தது. "அடப்பாவி மனுஷா, எஞ்சினுக்குப் போயா பொட்டு வச்சீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு, பெல்ட்டை இறக்கிக் கோடுகளை நேர் நிறுத்தி, கையாலேயே எஞ்சினைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். இந்தத் தடவை வைரக்கண்ணு "ஆச்சா" என்று கேட்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது வலி வந்து படியில் உட்கார்ந்திருந்தது. சுடர்விழி அதோடு ஏறினாள், அதுவும் கூடவே வந்தது. வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. வைரக்கண்ணு இறங்கி ஓடினார், கட்டையைப் பிடித்து உலுக்கினார், திரும்பி ஓடிவந்தார், மறுபடி கேட்டுக்கே போனார். "அப்பா, சித்த உக்காருங்கப்பா, பயமா இருக்கு" என்றாள் மகள். பின்சீட்டில் ஏறி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி, அவசரமே இல்லாமல், முடியாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் கால் ஆடியது, கை ஆடவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்த மாத்திரத்தில் உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீரிட்டு அழும் சத்தம் கேட்டது. வைரக்கண்ணு கதவைத் தட்டினார். "இன்னும் பொறக்கலைங்க, போய் உக்காருங்க" என்று கதவு சாத்தப்பட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத்தான் குழந்தை பிறந்தது. வயிற்றுக்குள்ளேயே மூன்று தடவை அந்த வண்டியில் வந்துபோன பிள்ளை, பழக்கம் விடுமா?

பேத்திக்கு வானதி என்று பேர் வைத்தார்கள். அவள் அழுவாள், பிறகுதான் பசிக்கும். சிரிப்பாள், பிறகுதான் யாராவது வேடிக்கை காட்டுவார்கள். அம்சம் அழுகை கேட்டதும் பாலைச் சூடு பண்ண ஆரம்பிப்பாள், கணக்காக இருக்கும். கார் இப்போது எல்லா வண்டியையும் போலக் கேட்டில் நிற்கிறது, சவாரியும் பாதி குறைந்துவிட்டது. வைரக்கண்ணு பெரும்பாலும் வீட்டில்தான், முழுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வானதி இப்போது நடை பழகுகிறாள். முதலில் அழுவாள், அப்புறம்தான் விழுவாள். அழுகை கேட்டதும் அவர் எழுந்து போய், கீழே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பார். இதுவரை ஒரு தடவைகூட அவள் தரையில் விழுந்ததில்லை.