நிலவின் இரவும் வெல்டரம்மாவின் உள்ளங்கையும்

அணுவெப்பக் கூடத்து வெல்டரம்மாவின் வலது உள்ளங்கை ஆறாண்டுகளாக நாற்பத்திரண்டு டிகிரியிலேயே இருந்து வந்தது. இடக்கை எல்லாரையும் போல முப்பத்து நான்கு. அலுவலக மருத்துவர் திங்கள்தோறும் இரண்டையும் அளந்து, கையொப்பமிட்டு, அடுத்தவரை அழைப்பார்.

காரணம் எவர்க்கும் மறைவானதன்று. நிலவுக்குச் செல்லும் ஆய்வுக்கலம் அங்குள்ள பதினான்கு நாள் இரவில் உறைந்துபோகாதிருக்க, அணு எரிபொருள் அடைத்த சிறு உருளையொன்றை அதன் வயிற்றில் வைப்பார்கள். அது தானாகவே சூடாயிருக்கும். அதன் மூடியைப் பற்றவைத்தவர் அவ்வம்மையார். கசிவுச் சோதனைகள் யாவும் முடிந்து உருளையைப் பெட்டியில் வைக்கும் வேளையில், பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல், கையுறையைக் கழற்றி ஒரு நொடி தொட்டுவிட்டார். விதிமீறல். தாமே பதிவேட்டில் எழுதிக் கொடுத்தார். கதிர்வீச்சு ஏதும் ஒட்டவில்லை என்று கருவிகள் கூறின. கண்டிப்புக் கடிதம் ஒன்று வந்தது. சூடு மட்டும் கையோடு தங்கிவிட்டது. தையற்காரரான அவர் கணவர், "கரண்ட் போனாலும் கவலையில்லை, இஸ்திரிப் பெட்டி வீட்டோடயே இருக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கலம் நிலவில் நலமாக இறங்கியது. அங்கே முதல் இரவு தொடங்கிய மூன்றாம் நாள் முற்பகலில் கை முப்பதுக்கு இறங்கிற்று, நண்பகலில் பதினொன்று. தம் பற்றவைப்பு விரிசல் கண்டதோ என்று அம்மையார் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து தலைமைப் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மா, கை எப்படி இருக்கு?"

"ஐஸ் மாதிரி இருக்கு சார்."

"இங்கயும் அதே கதைதான். இன்னும் அஞ்சு டிகிரி இறங்கினா கலம் அவ்வளவுதான்."

கணவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஒருவரையும் கேளாமல், அந்தக் கையைத் தம் இரு கைகளுக்குள் பொதிந்துகொண்டார். சற்றைக்கெல்லாம் தொலைபேசியில் பொறியாளரின் குரல் உயர்ந்தது.

"அம்மா, இப்போ என்ன பண்ணீங்க? ஒரு டிகிரி ஏறியிருக்கே!"

"நான் ஒண்ணும் பண்ணல சார். வீட்டுக்காரர் கையைப் பிடிச்சிருக்கார்."

"விட்டுடாதீங்கன்னு சொல்லுங்க!"

"விடுறதா இல்லை," என்றார் கணவர். "ஆனா நாலு சட்டை பாக்கி இருக்கு, அதை யார் தைப்பாங்கன்னு உங்க சாரைக் கேளு."

மாலைக்குள் அலுவலகத்திலிருந்து கை பிடிப்பவர்களின் முறைப்பட்டியல் தட்டச்சாகி வந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருவர். எதிர்வீட்டுச் செவிலியர் வந்தார், அலுவலக ஓட்டுநர் வந்தார். கண்டிப்புக் கடிதத்தில் கையொப்பமிட்ட அதிகாரி சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தமர்ந்தார். தம் முறை முடிந்த பின்னரும் அரைமணி நேரம் எழவில்லை.

பதினொரு நாள் கழித்து நிலவில் கதிரவன் எழ, கலம் விழித்துக்கொண்டு படம் அனுப்பிற்று. வெப்பத்தைக் கடத்தும் குழாயில் ஏற்பட்ட அடைப்பே காரணம் என்றும், பற்றவைப்பில் மயிரிழைக் குறையும் இல்லை என்றும் அறிக்கை கூறியது. கலம் பிழைத்த விதம் என்னும் கட்டத்தில் 'கை பிடித்தமையால்' என்றெழுதி மூவர் ஒப்பமிட்டனர்.

அதன்பின் நிலவில் இருட்டும்போதெல்லாம் பட்டியல் வருகிறது. முறை முடிந்து எழுகிறவருக்கு நன்றி கூறக் கைகூப்பலாமென்றால், அம்மையாரின் வலக்கை அதற்குள் அடுத்தவரிடம் போயிருக்கும். ஆகவே, புதிதாகப் பிடித்தவர் தம் ஒரு கையை இரவல் கொடுப்பார். அதனோடு அம்மையார் தம் இடக்கையைச் சேர்த்துக் கூப்பி, விடைபெறுகிறவரை வணங்குவார்.