காதில் விழாத பாடம்

அறுபத்தெட்டாம் வருஷக் கோடையில் ஜெயசீலிக்கு இரண்டு கவலைகள் இருந்தன. மகள் பியூலாவுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தனத்தின் மகன் ஏகநாதன் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. முதல் கவலையைக் கர்த்தரிடம் சொல்லிவிட்டாள். இரண்டாவதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் அதைத் தானே கவனித்துக்கொண்டாள்.

அந்தப் பள்ளியில் இடம் கொஞ்சம், கேட்கிறவர்களோ தாம்பரம் முழுக்க. பெரிய டீச்சரம்மா குழந்தையை எதிரே நிறுத்தி இங்கிலீஷில் கேள்வி கேட்பார். வாயைத் திறந்து டாண் டாணென்று பதில் சொல்கிற பிள்ளைக்குத்தான் இடம். எட்டாம் வகுப்போடு வீட்டில் உட்கார வைக்கப்பட்டவள் ஜெயசீலி. இங்கிலீஷில் யாராவது பேசினால் இன்றைக்கும் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாள். மகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்பதில் அவள் நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

தனத்தின் புருஷன் ரத்தினம் குரோம்பேட்டையில் தோல் கிடங்கில் வேலை செய்பவன். அவன் மகனுக்கு இங்கிலீஷ் பள்ளியில் ஆசை வந்ததே ஜெயசீலிக்குச் சரியாகப் படவில்லை. போதாக்குறைக்கு ரத்தினத்தின் அக்கா கன்னியம்மா அதே பள்ளியில் ஆயா. கேள்விகளையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து தம்பி வீட்டில் அவிழ்த்து விடமாட்டாளா என்ன?

"ஆயாவுக்கு என்ன கேள்வி தெரியும்? நீ சும்மா இரேன்" என்றான் அவள் புருஷன் தனசிங். அவன் கல்லூரி ஆபீஸில் குமாஸ்தா.

"உங்களுக்கு ஊர் உலகம் தெரியாது" என்றாள் ஜெயசீலி.

இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை. நடுச்சுவர் கூரை வரை போகாமல் பாதியில் நின்றுவிடும். இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவருக்குக் காது மட்டும்தான் உண்டு. ஆகவே ஜெயசீலி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலைச் சாத்துவாள், கதவுக்குத் தாழ் போடுவாள், பியூலாவை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டு அவள் காதுக்குள் பாடம் சொல்வாள்.

"மை நேம் இஸ் பியூலா."

பியூலா சத்தமாகச் சொன்னால் வாயைப் பொத்துவாள். "மெதுவா. தனம் அத்தை காதுல விழுந்தா ஏகுவுக்குச் சொல்லிக் குடுத்துருவாங்க. அப்புறம் உனக்கு ஸ்கூல் கிடையாது."

குழந்தை கெட்டிக்காரி. நிறங்கள், கிழமைகள், அப்பா பெயர், ஆபீஸ் பெயர் எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் உதடு மட்டும் அசைய, சத்தமே வராமல் சொல்லப் பழகிவிட்டாள். ஜெயசீலிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. அவள் ஜன்னலைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் தனத்தின் வீட்டிலும் சத்தம் அடங்கிவிடும். எப்போதும் கூரை பிய்ந்துபோகக் கத்துகிற ஏகநாதன்கூட மூச்சு விடுவதில்லை. கன்னியம்மா கொண்டுவந்த கேள்விகளை வைத்து ரகசியமாகப் பாடம் நடக்கிறது என்று ஜெயசீலி தீர்மானித்தாள். சுவரில் காதை வைத்துக் கேட்டும் பார்த்தாள். ஒரு முணுமுணுப்பும் இல்லை. என்ன அழுத்தக்காரி! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஜெயசீலிக்கு அந்த நிசப்தமே பேயாக இருந்தது.

நேர்முகத்தன்று தாய்மார்கள் பள்ளி வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். முதலில் ஏகநாதனைக் கூப்பிட்டார்கள். உள்ளே அவன் பேசியது வெளியே கேட்டது. தமிழில்தான் பேசினான். மின்சார ரயில் எப்படிப் போகும், கூட்ஸ் வண்டி எப்படிப் போகும் என்று கூவிக் காட்டினான். பெரிய டீச்சரம்மா சிரிப்பதும் கேட்டது. ஜெயசீலிக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இதுவா இவர்கள் ரகசியமாகப் படித்த பாடம்?

பிறகு பியூலா. ஜெயசீலியும் கூட உள்ளே போனாள். "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார் டீச்சரம்மா.

பியூலாவின் உதடு அசைந்தது.

"கொஞ்சம் உரக்க, கண்ணு."

உதடு மறுபடி அசைந்தது. நிறம் கேட்டார், கிழமை கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒன்றும் யார் காதிலும் விழவில்லை. "குழந்தைக்குத் தொண்டை சரியில்லையா?" என்றார் டீச்சரம்மா. பியூலா அம்மாவைக் குனியச் சொல்லிக் கிசுகிசுத்தாள்: "தனம் அத்தை வெளியில நிக்கிறாங்கம்மா."



"வெளியில இருங்க. கடைசியா ஒரு தடவை கூப்பிடுறேன். அப்பவும் பேசலைன்னா அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் டீச்சரம்மா.

மரத்தடியில் ஜெயசீலி கெஞ்சினாள், மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னாள், தொடையில் கிள்ளினாள். பியூலா கண்ணில் நீர் கோத்துக்கொண்டு தனத்தையே பார்த்தாள். தனம் போகவில்லை. நம் அவமானத்தை வேடிக்கை பார்க்கவே நிற்கிறாள் என்று ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தனம், நீ வீட்டுக்குக் கிளம்பேன்."

"கொயந்த அயுதேன்னு நிக்கிறேங்க்கா. இன்னா ஆச்சு?"

வரிசை குறைந்துகொண்டே வந்தது. வேறு வழியில்லை. ஜெயசீலி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ கேட்டுருவேன்னு நான்தான் மெதுவா சொல்லப் பழக்கினேன். இப்போ நீ இருக்கிற இடத்துல பேச மாட்டேங்குறா."



"நீ மத்தியானத்துல ஜன்னல சாத்துவியே, புள்ள தூங்குதுன்னு நெனச்சேங்க்கா" என்றாள் தனம். "இவன் கத்தி எயுப்பிடப் போறான்னு ரயில் கேட்டாண்ட இட்டுகினு போயிடுவேன். வெயில்ல ரயிலு பாத்துகினு நிப்போம்."



"பியூலா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தனம் குழந்தையின் முன்னால் குந்தினாள். "தோ பாரு கண்ணு, அத்தை காதப் பொத்திக்கிறேன். ஒண்ணியும் கேக்காது. நீ பாட்டுக்குக் கத்து." இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்திக்கொண்டு, குழந்தைக்குத் தெரிகிற மாதிரி வாசலில் போய் நின்றாள்.

பியூலா அம்மாவோடு உள்ளே போனாள். திரும்பித் தனத்தைப் பார்த்தாள். "மை நேம் இஸ் பியூலா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கன்னியம்மா கையிலிருந்த விளக்குமாற்றை விட்டுவிட்டு ஓடி வந்தாள். நிறங்கள், கிழமைகள், அப்பா, அப்பாவின் ஆபீஸ், எல்லாம் வரிசையாக வந்தன. டீச்சரம்மா போதும் போதுமென்று கையைக் காட்டினார். ஜூன் மாதம் வரச் சொன்னார்.

ஜெயசீலி பியூலாவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கண் நிறைந்திருந்தது. தனத்தின் எதிரே நின்று, "தனம், என்னை மன்னிச்சிரும்மா" என்றாள்.

தனம் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். காதிலிருந்து கையை எடுக்கவில்லை.