பாலத்தின் மற்றப் பாதி

1
இந்தக் கதை அரைத் தாளில் பிறந்தது. கண்டியில் ஒரு சித்திரக் கண்காட்சியில் அந்தத் தாள் தொங்கியது. இடப்பக்கம், வேல்ஸ் நாட்டு மேகன் வரைந்த பாதிப் பாலம். வலப்பக்கம் வெறுமை. கீழே, "மற்றப் பாதி: வரதராசா, கட்டுகஸ்தோட்டை" என்று எழுதியிருந்தார்கள். ஏன் வரையவில்லை என்று கேட்க அங்கே ஆளில்லை, எனக்கோ மனம் ஆறவில்லை. ஆகவே மீதியெல்லாம் என் கற்பனை. பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

2
மகாவலி ஆற்றின்மேல் பனி படர்ந்திருந்த ஒரு காலையில்...

(வேண்டாம். பனியை எழுதி எழுதியே கண்டி அலுத்துவிட்டது.)

வரதராசாவுக்கு முப்பத்தைந்து வயது. எழுத்துக் கூட்ட வராது, தனியே பஸ் ஏற வராது. ஆனால் கண்ணில் பட்டது அப்படியே கையில் வந்துவிடும். மேகனும் அவனைப் போலத்தான், சொல்லும் எழுத்தும் அவளுக்கு மெதுவாகவே வரும். இரண்டு ஊர்ச் சித்திரக்கூடங்கள் சேர்ந்து செய்த ஏற்பாடு இது: அவள் பாதி வரைந்து தபாலில் அனுப்புவாள், இவன் மீதியை வரைந்து திருப்பி அனுப்புவான். ஒருமுறை அவளுடைய பசுவின் முன்பாதிக்கு இவன் யானையின் பின்பாதியை வைத்தான். பதிலுக்கு அவள் ஒரு பெரிய சிரித்த வாயை அனுப்பினாள். பொது மொழி இல்லாத சிநேகிதம் அப்படி வளர்ந்தது.

அக்கா சத்தியபாமா கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது தம்பியையும் கூட்டிவந்தவள். வீட்டில் ஒரேயொரு சொல்லுக்குத் தடை: பைத்தியம். வாய்தவறிச் சொன்ன அயல்வீட்டுக்காரியோடு அவள் அதற்குப்பிறகு முகங்கொடுத்துப் பேசியதில்லை.

3
தொண்ணூற்றெட்டு. கண்டியில் குண்டு வெடித்த வருடம். பஸ்ஸில் தமிழ் கேட்டால் தலைகள் திரும்பின.

மேகனின் பாதிப் பாலம் வந்தது. வரதராசா மீதியைக் கட்டுகஸ்தோட்டைப் பாலமாக்கினான். மணல் மூட்டை, காவலரண், துவக்கோடு சிப்பாய்கள். கண்ணில் பட்டதல்லவா. ஓரத்தில், எல்லாப் படத்திலும் போல, குடையோடு அக்கா.

அக்காவோடு தபாலுக்குக் கொண்டுபோகும் வழியில் அதே பாலத்தில் சோதனை. சிப்பாய் தாளை விரித்தான். [இவனை அரக்கனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவனும் பயந்துபோயிருந்தான்.]

"யாருக்கு இது?" என்றான், தெரிந்த தமிழில்.

"மேகனுக்கு. வெளிநாடு," என்றான் வரதராசா, சந்தோஷமாக.

காவலரணின் படம், வெளிநாட்டுக்கு. சிப்பாய் ஜீப்பைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

4
முதல் வரைவில், "இவர் ஒரு ஓவியர்" என்று அக்காவைச் சொல்ல வைத்தேன். நல்ல வசனம். ஆனால் அந்த வருடத்தில் அந்த வசனம் வரதராசாவை ஜீப்பில் ஏற்றியிருக்கும். ஏறியவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. இரண்டாம் வரைவில் அவள் சிப்பாயின் காலில் விழுந்து... அந்த வரியை அடித்துவிட்டேன்.

அவள் நெற்றிப்பொட்டருகே விரலைச் சுழற்றினாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"பிஸ்ஸு, மஹத்தயா." பைத்தியம் ஐயா.

சிப்பாயும் சிரித்துவிட்டான். படத்தைக் கிழித்து ஆற்றில் போட்டான். ஆளை விட்டான்.

வரதராசாவுக்குச் சிங்களம் வராது. தெருவில் அவனைக் கூப்பிட்ட அந்த ஒரு சொல் மட்டும் தெரியும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டான்.

"அக்கா, நான் பிஸ்ஸோ?"

"இல்லையடா தம்பி. உன்னை விடவேணும் எண்டு சொன்னனான்."

"நீங்கள் சிரிச்சனீங்கள்."

இதற்குச் சத்தியபாமா என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தேறவில்லை.

5
படம் வராததால் மேகன் மறுபடியும் பாதிப் பாலம் அனுப்பினாள். கண்காட்சியில் நான் பார்த்தது இதைத்தான்.

முடிவு ஒன்று: அவன் வரைகிறான். (பொய். தாளை நான் கண்டேனே.)

முடிவு இரண்டு: அக்கா களவாகத் தானே வரைந்து அனுப்புகிறாள். (மேகன் ஒரு பார்வையில் பிடித்துவிடுவாள்.)

முடிவு மூன்று: அக்கா அவன் கையில் பென்சிலை வைத்து மன்றாடுகிறாள்.

"கீறு ராசா. மேகன் பார்த்துக்கொண்டு இருப்பாள்."

"பிஸ்ஸு கீறினால் ஜீப் வரும், அக்கா."

அவன் சொன்னதில் பிழையில்லை. அதனால் என் கையும் ஓடவில்லை. உங்களிடம் பென்சில் இருந்தால் வலப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலம் பிறகு வரட்டும். முதலில் ஓரத்தில், குடையோடு அக்காவைக் கீறுங்கள். அவள் சிரிக்கக் கூடாது.