மூன்றாம் ஓலை

தன் திருமண ஓலை மூன்றாம் முறையாக வாசிக்கப்படவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், டேனியல் ஆலயத்தின் இரண்டாம் வரிசையில் அமர்ந்து, தன் தந்தையின் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாலவாக்கத்திற்கு அப்பாலுள்ள அச்சிற்றூருக்குப் போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். ஏனைய ஞாயிறுகளில் ஆராதனை நடத்துபவர் உபதேசியார் ஜான்சன். டேனியலின் தந்தை அவரே. மணமக்களின் பெயர்கள் அடங்கிய ஓலையை மூன்று ஞாயிறுகள் சபையார் முன் வாசித்து, "இவர்கள் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்பொழுதே சொல்லக்கடவர்கள்" என்று கேட்பது அங்கு வழக்கம். மூன்றாம் முறையும் எவரும் வாய் திறவாவிடில் திருமணம் உறுதி.

டேனியலுக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை. இதனை அவன் பன்னிரண்டு ஆண்டுகளாக அறிவான். அவன் தந்தை ஐந்து மாதங்களாக அறிவார்.

அறியச் செய்தது ஒரு நாடகம். ஏனாத்தூர்க் கல்லூரியில் அவனோடு பயின்ற நரேன், கைப்பேசியில் பார்க்கத்தக்க ஐந்து பகுதிகளாக அதனை எடுத்திருந்தான். ஆசாரம் மிகுந்த கோயில் அர்ச்சகர் வீட்டில், ஆணையே விரும்பும் மகனொருவன் வளர்ந்து ஆளாகும் கதை அது. அம்மகனாக நடித்தவன் டேனியல். முதல் மூன்று பகுதிகளைச் சபையார் களிப்புடனேயே பார்த்தனர். "அது அவங்க வூட்டு கத, நமக்கு இன்னா வந்துச்சி" என்று ஜான்சனும் கூறிக்கொண்டார். நான்காம் பகுதியில், யாரை நினைத்து இப்படி இளைத்தாய் என்று தாய் கேட்க, மகன் விடை கூறாது சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கும் காட்சி வந்தது. ஊரார் அவன் முகத்தை உற்று நோக்கினர்.

"உபதேசியாரே, பையன் சூப்பரா நடிச்சிக்கீறான்," என்றான் தேநீர்க் கடை இருசப்பன். "நடிப்புதான?"

கடையே சிரித்தது. வீடு திரும்பிய ஜான்சன் மகனிடம் அதே வினாவைத் தொடுத்தார். டேனியல் பேசாது நின்றான். கன்னத்தில் விழுந்த அறையால் அவன் காது மூன்று நாள் இரைந்தது.

"எங்கப்பன் ஊரான் கழனியில நாத்து நட்டு என்ன படிக்க வெச்சான்," என்றார் ஜான்சன். "நானும் வேதத்த கீழ வெச்சிட்டு சேத்துல எறங்கணும், அதான உனுக்கு வேணும்? ஒயுங்கா தாலி கட்டு. எல்லாம் சரியா பூடும்."

பெண் பார்த்தாயிற்று. அதே சபையைச் சேர்ந்த எல்லப்பனின் மகள் நிஷா, உத்திரமேரூரில் ஒரு மருந்துக் கடையில் பணிபுரிந்தவள். முதல் ஓலைக்கு முன்பே அவள் டேனியலை நேராக வினவினாள்: "அந்த நாடகம் வெறும் நடிப்புதான?" அவன் ஆம் என்றான். இரண்டு ஞாயிறுகளிலும் வாய் மூடி அமர்ந்திருந்தான். நேற்று மாலை அவள் தொலைபேசியில், "மெடிக்கல் வேலைய வுட்டு நின்னுட்டேன், கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு போக வாணாம்னு உங்க நைனா சொல்லிட்டாரு" என்றாள். தான் உரைத்த பொய் இன்னொருத்தியின் சோற்றில் கை வைத்துவிட்டதை டேனியல் அப்பொழுதுதான் உணர்ந்தான்.

ஜான்சன் ஓலையை வாசித்தார். மகனின் முகத்தை ஒருமுறை ஏறிட்டார். பின்பு மூச்சுவிடாமல், "பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்" என்றார்.

டேனியல் எழுந்தான். "நைனா, கேள்வி கேக்கல."

"உக்காருடா."

"தட கீதான்னு கேக்கணும். கேளுங்க."

முன்வரிசைச் சிட்டம்மாள் கலகலவென்று நகைத்தாள். "மாப்ளைக்கு எல்லாம் மொறையா நடக்கணும்! கேளு உபதேசியாரே, கேக்காம வுட்டா ஓல செல்லாது. எம் பொண்ணுக்கு மூணு வாட்டியும் கேட்டியே."

சபை முழுதும் சிரித்தது. ஜான்சனுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஆணியடிப்பதுபோல் மகனை நோக்கியே கேட்டு முடித்தார்.

"கீது," என்றான் டேனியல். "எனுக்கு பொண்ணுங்க மேல மனசு போகாது. சின்ன வயசுல இருந்தே அப்டிதான். நிஷாவ ஏமாத்த முடியாது."

சிரிப்பு அறுந்தது. "மூணாவது ஓலையில வந்து எம் பொண்ண சந்தி சிரிக்க வெக்கிறியாடா, பேமானி!" என்று எல்லப்பன் பாய்ந்தான்.

"அவன் பேசல," என்று கூவினார் ஜான்சன். "பிசாசு பேசுது. வாங்க, கைய வெச்சி ஜெபம் பண்ணுங்க!"

நான்கைந்து ஆடவர் அவனைச் சூழ்ந்தனர். தலைமேல் வைத்த கைகள் மெல்லக் கழுத்துக்கு இறங்கி அழுத்தின. அவன் முழங்கால் தரையில் மோதியது.

"கைய எடுங்க!"

பெண்கள் பக்கத்திலிருந்து நிஷா வந்தாள். "பிசாசும் இல்ல, ஒன்னும் இல்ல. தெளிவாதான் பேசறாரு." கைகள் விலகின. அவள் டேனியலின் பக்கம் திரும்பினாள். அவள் கண்களில் இரக்கம் இல்லை. "நான் கேட்டப்போ நடிப்புன்னு சொன்னியே. ரெண்டு வாரமா கேட்டாங்களே, அப்போ வாயில இன்னா வெச்சிக்கினு இருந்த?"

"பயம்."

"உனுக்கு பயம். எனுக்கு வேல போச்சி. நாளைக்கு இந்த ஊரு இன்னா சொல்லும் தெரியுமா? பொண்ணாண்ட ஏதோ கோளாறு, அதான் ஓல நின்னு போச்சின்னு சொல்லும்." மேசை மேலிருந்த ஓலைப் பதிவேட்டை அவள் சுட்டிக் காட்டினாள். "எழுதுங்க மாமா. யாரால நின்னுச்சின்னு எழுதுங்க."

ஜான்சன் பேனாவைத் தொடவில்லை. டேனியல் எழுந்து சென்று அதனை எடுத்தான். தடை கூறியவர் மணமகன் என்றும், மணமகளிடம் குறையேதும் இல்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டான்.

"வெளிய போ," என்றார் ஜான்சன், சுவரைப் பார்த்தவாறு. "வூட்டாண்டயும் வராத."

டேனியல் பதிவேட்டை நிஷாவின் பக்கம் திருப்பி வைத்தான். அவள் அதனை இருமுறை படித்தாள்.

"தேதி போடல," என்றாள்.

அவன் தேதியை இட்டான்.