இரண்டு பகல் வீரம்மா

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரான் ஊரில் வீரம்மா ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தாள். 1991-இல் இது தொடங்கியது. அன்று கோயிலில் முந்நூறு பேருக்குச் சமையல். துறைமுகத்தில் லோரி ஓட்டும் கணவர் ரெங்கசாமிக்கோ கடும் காய்ச்சல். வீரம்மா அவருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோயிலில் பூசணியும் நறுக்கினாள்.

பதியம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொய்யாக் கிளையில் விரல் அகலத்துக்குப் பட்டையைச் சீவி, ஈரத் தேங்காய் நாரை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் கட்டினால், சில வாரங்களில் அங்கேயே வேர் வரும். அறுத்து வேறிடத்தில் நட்டாலும் அது அதே மரம்தான், பழத்தின் ருசி மாறாது. அப்படித்தான் அவள் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டாள், தெரு முழுக்கக் கன்று கொடுத்தாள். தன்னையும் அப்படியே பிரித்துக்கொண்டாள். எடை மட்டும் பாதியாகிவிடும். கிளினிக்கில் இருபத்தொன்பது கிலோ காட்டியபோது தாதி இயந்திரத்தையே மாற்றினாள். பகலில் ஒருத்தி செய்வது மற்றவளுக்குத் தெரியாது. மாலையில் வீடு சேர்ந்ததும் இருவரும் ஒன்றாவார்கள். அப்போதுதான் இரண்டு பகல்களும் ஒரே தலைக்குள் வரும்.

ஊருக்கு இது பழகிப்போயிற்று. வெளியே போனவள் முதியோர் இல்லத்தில் நகம் வெட்டிவிட்டாள், வெள்ளம் வந்தால் பாய் கொடுத்தாள். வீட்டிலிருந்தவள் செடிகளையும் கணவரையும் பார்த்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டு பொண்டாட்டி லா. ஆனா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே திட்டுதான்" என்பார் ரெங்கசாமி.

2011 தைப்பூசத்தன்று ஒருத்தி தண்ணீர்ப் பந்தலுக்குக் கிளம்பினாள். மற்றவள் பின்னால் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு புள்ள. இன்னைக்குப் போகாத" என்றார் ரெங்கசாமி, கிளம்பியவளிடம்.

"வாயுதாங்க. ஓமத்தண்ணி வெச்சிருக்கேன். பின்னால அவ இருக்கால்ல, கூப்பிட்டா வந்துடுவா."

அதே நேரம், முதியோர் இல்லத்தில் சமையல்காரர் வரவில்லை என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கூடத்தில் தன் குரல் கேட்டதால், அவள் இருக்கிறாளே என்று பின்னாலிருந்தவளும் கொல்லைக் கேட் வழியே போனாள்.

மாலை ஆறு மணிக்கு இருவரும் கையில் பையோடு வாசலில் எதிரெதிரே வந்து நின்றார்கள். பைகளைப் பார்த்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. உள்ளே ரெங்கசாமி பின்கதவின் தாழ்ப்பாளை எட்டிப் பிடிக்கக் கை நீட்டியபடி கிடந்தார். கூப்பிட்டிருக்கிறார், யாரும் வராததால் எழுந்து தேடி வந்திருக்கிறார்.

அன்றிலிருந்து அவர்கள் ஒன்றாகவில்லை. ஒருத்தி வீட்டைவிட்டு வெளியேறவே இல்லை. மற்றவள் யார் கூப்பிட்டாலும் மறுக்கவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஊரில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"டாக்டரே சொல்லிட்டாரு ஆன்டி, யாரு பக்கத்துல இருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதாம்" என்றாள் மாதர் சங்கத் தலைவி உஷாராணி.

"பக்கத்துல இருந்திருக்கலாம்ல" என்றாள் வீரம்மா. எந்த வீரம்மா என்று உஷாராணிக்கு இப்போது நினைவில்லை.

போன வருடம், எழுபத்தெட்டாவது வயதில், வெளி வீரம்மா பொது மண்டபத்தில் வெங்காயம் உரித்தபடியே இறந்துபோனாள். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டு வீரம்மா அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, தோட்டத்து மல்லிகையை வைத்தாள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பெட்டியைத் தூக்க இரண்டு பேர் போதுமானதாக இருந்தது.

"வாங்க ஆன்டி, வேன் நிக்குது. இப்பல்லாம் பொம்பளைங்களும் வராங்க லா" என்றாள் உஷாராணி.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. வீட்டுல ஒருத்தி இருக்கணும்."

உஷாராணி தலையசைத்துவிட்டு வேனில் ஏறினாள். மயானத்திலிருந்து திரும்பியவர்கள் கால் கழுவ, வாசலில் இரண்டு வாளி தண்ணீர் நிறைந்திருந்தது.