சமையலறைக்குப் போன ஷூ

"நீ சொல்லித்தான் ஆகணும்…"

"மாட்டேன்னா மாட்டேன்தான்…"

"கதையோட உயிரே அந்த வரியிலதான் இருக்கு, ஜனங்க அதுக்காகத்தான்…"

"உங்க கதைக்கு உயிர் வரணும்னா என் மானம் போகணுமா?"

"முழுசாப் பேச விடேன்!"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்கதானே பேசிக்கிட்டிருக்கீங்க!"

வானொலி நிலையத்தில், ஒலிபரப்பு அறைக்கு அடுத்த அறையில் நடந்த சண்டை இது. ஒருவர் நாடகக்காரர். வாரம் தவறாமல் நாடகம் எழுதி, கதாநாயகனாகவும் அவரே பேசிவிடுவார். எதிரில் நின்றவள் அவர் மனைவி. நாடகத்திலும் அவளுக்கு மனைவி வேஷம்தான். குரலுக்காக நிலையத்தில் எல்லாரும் அவளை மைனா என்று கூப்பிடுவார்கள். நடுவில் உட்கார்ந்து, எதுவுமே காதில் விழாதவள் போல பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவள் நாடகக்காரரின் தங்கை. அவள் வேலை சத்தம் போடுவது. நாடகத்தில் வரும் கதவு, மழை, பாத்திரம், காலடி எல்லாம் அவள் கை உபயம்.

சண்டை ஒரே ஒரு வரிக்காக. கதைப்படி கணவன் மூன்று மாதம் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறான். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் காலடியில் உட்காருகிறாள். "நீங்க எது செஞ்சாலும் எனக்குச் சரிதாங்க" என்கிறாள். உடனே வீணை. நாடகம் முற்றும்.

"உங்க நாடகத்துல பொம்பளைன்னா ஒண்ணு அழுவா, இல்ல கும்புடுவா. ரெண்டும் இல்லன்னா பால்ல விஷம் கலப்பா. வேற வேலையே கிடையாதா எங்களுக்கு?"

"கதைன்னா அப்படித்தான்மா. கதையைக் கேட்டு யாரு கெட்டுப் போனா?"

"நேத்து பஸ்ல ஒரு பொண்ணு என் குரலை வெச்சே என்னைக் கண்டுபிடிச்சிட்டா. என்ன சொன்னா தெரியுமா? நான் வாராவாரம் 'சரிதாங்க'ன்னு சொல்ற நேரம் பாத்து அவ மாமியார் ரேடியோவைச் சத்தமா வைப்பாங்களாம். 'கேட்டுக்கோ, அதுதான் பொம்பளை'ன்னு சொல்வாங்களாம். 'அக்கா, ஒரே ஒரு தடவை எதிர்த்துப் பேசுங்களேன், எங்களுக்குப் புண்ணியமாப் போகும்'னு கையைப் பிடிச்சுக்கிட்டா."

நாடகக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ சொல்லலைன்னா அடுத்த வாரத்துலேருந்து உனக்கு வேஷம் இல்ல. தங்கச்சி பேசுவா."

"நானா?" பிஸ்கட் தொண்டையில் சிக்க, தங்கை நிமிர்ந்தாள். "என் குரலைக் கேட்டா, வீட்டு ஓனர் வாடகை கேட்டு வந்திருக்காருன்னு நெனைப்பாங்க அண்ணே."

மைனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மைக் என்றால் அவளுக்கு உயிர். வெறும் 'ம்' என்று சொல்வதாக இருந்தாலும் அதன் முன்னால் நின்றால்தான் அந்த வாரம் வாரமாக இருக்கும். வரியைச் சொன்னால் பஸ்காரிக்குத் துரோகம், சொல்லாவிட்டால் மைக் போயிற்று. யோசிக்கவும் நேரமில்லை. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

அன்று வழக்கமான நாடகம் இல்லை. நேயர்களை எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அப்படியே நேரடியாக ஒலிபரப்பினார்கள். தப்பு நடந்தால் நடந்ததுதான், திரும்ப எடுக்க முடியாது. மைனா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தன் பக்கங்களைக் கையில் எடுத்தாள்.

கதவு கிறீச்சிட்டது. கணவன் வந்துவிட்டான். நாடகக்காரர் சிம்மக்குரலில் ஆரம்பித்தார்.

"தண்ணி கொண்டா!"

தடக். தடக். தடக்.

மைனா திடுக்கிட்டுத் திரும்பினாள். தங்கையின் கையில் மாட்டியபடி பலகை மேல் நடந்துகொண்டிருந்தது மனைவியின் ரப்பர் செருப்பு இல்லை. கணவனின் கனத்த ஷூ! தண்ணீர் கேட்டவனே எழுந்து எடுக்கப் போகிற மாதிரி ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். தங்கை எப்போதும் வலப்பக்கம் செருப்பையும் இடப்பக்கம் ஷூவையும் வைத்திருப்பாள். கண் கதைத்தாளில் இருக்கும், கை தானாகப் போய் மாட்டிக்கொள்ளும். அன்றைக்கோ நேயர்களுக்குத் தன் முகம் நன்றாகத் தெரியவேண்டும் என்று நாடகக்காரர் அவளை மேசையின் எதிர்ப்பக்கம் போகச் சொல்லிவிட்டார். ஆள் மாறினாள், சாமான் மாறவில்லை. முதல் அடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பாதி வழியில் செருப்புக்கு மாறினால் வீட்டுக்குள் மூன்றாவது ஆள் புகுந்த கதையாகிவிடும். முகம் வெளுத்துப் போய், அண்ணியைப் பார்த்துக்கொண்டே ஷூவை நடத்தினாள்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இருங்க, நானே கொண்டுவரேன்" என்று மைனா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். சொல்ல வாயைத் திறந்தாள். பஸ்காரி பிடித்த பிடி இன்னும் கையில் இருந்தது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

"ஏங்க, அந்தப் பக்கம் எங்க போறீங்க? சமையலறை இந்தப் பக்கம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பலகை மேல் ஷூ தயங்கி நின்றது, திரும்பியது, மறுபக்கம் நடந்தது.

நாடகக்காரர் மனைவியை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த, நிலையத்தை நடத்தும் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே, போகட்டும், போகட்டும் என்று கை காட்டினாள். ஒலிபரப்பில் மௌனம் ஆகாது. பேசியே தீரவேண்டும்.

"தெரியும், தெரியும்… வீடு இடத்துலயே இருக்கான்னு சும்மா சுத்திப் பாத்தேன்."

இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவரை என்னவோ செய்தது. எத்தனை வருஷமாகக் கண்ணீரையே பிழிந்துகொண்டிருந்த மனிதர்! சட்டென்று அவர் தோள் தளர்ந்தது, குரலில் ஒரு குறும்பு ஏறியது.

"டம்ளர் எங்கம்மா இருக்கு?"

"மேல் தட்டுல."

தங்கைக்கு இப்போது பயம் போய்க் குஷி வந்துவிட்டது. கையில் கிடைத்ததை எல்லாம் கீழே உருட்டினாள். டமார்!

"அது டம்ளர் இல்லீங்க. எண்ணெய்ச் சட்டி."

"இதுல குடிக்கக் கூடாதா?"

"தாராளமாக் குடிங்க. வழுக்கிக்கிட்டு உள்ள போகும்."

ஒரு பாட்டியம்மா சிரிப்பு தாங்காமல் பக்கத்து நாற்காலிக்காரரின் முதுகில் அடித்தாள். மைனாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. எங்கே ஒளிந்திருந்தது இத்தனை நாளாக? தாளைப் பார்க்காமலே வார்த்தைகள் ஓடி வந்தன. ஒரு வழியாக, மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. குடித்துக்கொண்டிருந்தது தங்கையின் பாட்டில்.

நாடகக்காரர் லேசுப்பட்டவரா? இதுதான் சமயம் என்று மைக்கை நெருங்கி, குரலைத் தழதழக்க வைத்து, கதைத்தாளில் இருந்த கடைசிக் கேள்விக்குப் பாய்ந்துவிட்டார்.

"நான்தான் வந்துட்டேனே… உனக்கு என் மேல வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

வீணைக்காரர் விரலைத் தந்தியில் வைத்துக் காத்திருந்தார். தங்கை பாட்டிலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அடங்கிப் போய்விட்ட கூட்டத்தில் சிலர் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

மைனா தாளை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். சிரிப்பு இன்னும் அவள் குரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அதை அப்புறம் பாக்கலாம். இப்படி என் பக்கத்துல வந்து உக்காருங்க. மூணு மாசமா எங்க இருந்தீங்க, முதல்ல அதைச் சொல்லுங்க."